எட்ட எய்வதா, கிட்ட எய்வதா?

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவின கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வில் வேட்டையில் சிறந்தது எட்ட நின்று எய்வதா, கிட்டச் சென்று எய்வதா?" இதுதான் இன்றைய வழக்கு. கிட்டச் சென்று எய்வதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பைத் திருவிழாக் குழு அறிவித்த நாளிலிருந்து "தேயிலைத் தோட்டத்துக்கும் வில் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காத ஆள் இல்லை. சம்பந்தம் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்லை இழுத்து, 80, 90 மீற்றருக்கு அப்பால் நிற்கும் மானை வீழ்த்துகிறார். அந்தக் காணொளி லயத்துக்கு லயம் சுற்றுகிறது. "என்னா ஷொட்டு!" என்று பையன்கள் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் இலங்கையில் மரை, கேளையாடு போன்ற மான்களை வேட்டையாடுவது 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போங்கள் என்று இந்த மேடையில் இருபக்கமும் யாரும் சொல்லவில்லை. அது அனுமதிக்கப்பட்ட நாடுகளில், அப்படி எய்பவனுக்கு எது முறை? அவ்வளவுதான் கேள்வி.

சரி, எதிரணிக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது." காட்டு முயலைக் கொன்ற அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தப்பிய வேலே மேல், ஆகவே கிட்ட நிற்பதை விட்டு எட்டக் குறிவை, தப்பினாலும் பெருமைதான் என்றார். நல்ல குறள். ஆனால் அது எந்த அதிகாரம்? படைச்செருக்கு. அங்கே வரும் யானை போர் யானை. அது உன்னைக் கொல்ல வருகிறது, நீ அதைத் தடுக்க நிற்கிறாய். புல் மேய்கிற மானுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள் நடுவர் அவர்களே. அந்தக் குறளில் வள்ளுவர் உயர்த்திப் பிடிப்பது அம்பை அல்ல, வேலை. வேல் எறிகிறவன் யானைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், அதன் மூச்சு தன் முகத்தில் படுகிற அளவுக்கு. ஆக, வள்ளுவர் எங்கள் அணியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் வல்வில் ஓரியையும் எடுத்துக் காட்டினார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகியது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். அந்தப் பாட்டில் எத்தனை முழத் தூரம் என்று ஒரு சொல்லும் இல்லை. அங்கே பாடப்படுவது வில்லின் வலிமை. ஐந்து உடம்பைத் துளைத்துப் போகிற அம்பு, வேகம் குறையாத தூரத்திலிருந்து வந்த அம்பாகத்தான் இருக்க முடியும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி கெட்டிக்காரர். ஒலிம்பிக் கணக்கைக் கொண்டுவந்தார். ஒலிம்பிக் வில்வித்தையில் தூரம் 70 மீற்றர். இலக்குப் பலகை 122 சென்ரிமீற்றர் அகலம், நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்ரிமீற்றர். மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் இடம் அதைப்போல் இரு மடங்கு அகலம் வரும். பலகையில் முடிந்தவனுக்கு மானில் ஏன் முடியாது என்று கேட்டார். இன்று மாலை இந்த மேடையில் வந்த கேள்விகளிலேயே பலமானது இதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி, பலகைக்குக் காது இல்லை.

நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து அம்பு வினாடிக்குச் சுமார் 85 மீற்றர் வேகத்தில் புறப்படும். 70 மீற்றரைக் கடக்க 0.8 வினாடிக்கு மேல் எடுக்கும். நாணை விட்டதும் எழும் ஓசை இருக்கிறதே, அது வினாடிக்கு 340 மீற்றர் போகும். 0.2 வினாடியில் மானின் காதில் விழுந்துவிடும். அதற்குப் பிறகும் அம்பு வந்து சேர 0.6 வினாடி மிச்சம். சத்தம் கேட்ட மான் முதலில் என்ன செய்யும்? பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். தானாக விழுகிற எந்தப் பொருளும் 0.2 வினாடியில் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் கீழே போகும். ஒரு சாண். நீ நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகெலும்புக்கு மேலே போகலாம். அதற்குள் மான் திரும்பியும் விட்டால் வயிற்றில் இறங்கும், தொடையில் இறங்கும். இதையே 20 மீற்றரில் பாருங்கள். அம்பு கால் வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஓசைக்கும் அம்புக்கும் நடுவில் மானுக்கு அசையக்கூட நேரம் கிடைப்பது அரிது.

70 மீற்றரில் எய்பவனுடைய கை பிசகவில்லை, கண் பிசகவில்லை. அவன் செய்ய வேண்டியதெல்லாம் சரியாகச் செய்தான். அப்படியும் அம்பு தப்பான இடத்தில் படுகிறது. ஏனென்றால் முடிவில் பாதியை அவன் மானிடம் கொடுத்துவிட்டான். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்தப் பாதி அவன் கைக்குத் திரும்பி வராது. பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. 80 மீற்றரில் பலகைக்கு எய்து பழகட்டும். அப்படிப் பழகியவனுக்கு 20 மீற்றரில் கை நடுங்காது. உயிருக்கு எய்யும்போது மட்டும் கிட்டப் போகட்டும் என்கிறோம்.

இனி நம் மலைகளுக்கு வாருங்கள். இங்கே தட்டையான நிலம் எங்கே இருக்கிறது? ஐந்தாம் நம்பர் மலையின் உச்சியில் நின்று கீழே பீலிக்கரையைப் பாருங்கள். 30 பாகைச் சரிவில் கண்ணுக்கு நேரே 60 மீற்றர் என்றால், அம்பைப் புவி இழுப்பது கிடையாக உள்ள 52 மீற்றருக்குத்தான். 60க்குக் குறி வைத்தவனின் அம்பு ஒரு சாணுக்கும் மேலாக உயர்ந்துவிடும். தூரம் அளக்கும் கருவி இந்தச் சரிவையும் கணக்குப் போட்டுத் தரும் என்பார் தம்பி. தரும், மறுக்கவில்லை. ஆனால் ஹப்புத்தளைக் கணவாயில் நிற்பவனுக்குத் தெரியும்: இந்தப் பக்கம் இலை அசையாது, அந்தப் பக்கம் சேலை முந்தானை பறக்கும். நீ நிற்கிற இடத்துக் காற்று வேறு, நடுவழிக் காற்று வேறு, மான் நிற்கிற இடத்துக் காற்று வேறு. போதாக்குறைக்கு பனிமூட்டம், நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போதே வந்து மூடிவிடும்.

அம்பு எப்படிக் கொல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் சாய்க்கும். அம்பு அறுத்து இரத்தத்தை வடித்துத்தான் கொல்லும். இரண்டு நுரையீரலையும் அறுத்தால் விலங்கு கொஞ்ச தூரம் ஓடி, சில வினாடிகளில் விழுந்துவிடும். தரையில் இளஞ்சிவப்பாக நுரை கலந்த இரத்தம் கிடந்தால் அது நுரையீரல். கறுத்த சிவப்பு என்றால் ஈரல். பச்சை கலந்து நாறினால் வயிறு. வயிற்றில் பட்ட விலங்கு மணிக்கணக்கில் சாகாது. உடனே பின்தொடர்ந்தால் எழுந்து இன்னும் தொலைவுக்கு ஓடும். அதனால் விவரம் தெரிந்த வேட்டைக்காரர்கள் பல மணி நேரம் காத்திருந்துதான் தடம் பிடிப்பார்கள். அத்தனை மணி நேரம் மழை பெய்யாத ஒரு நாளை நம் மலையில் காட்டுங்கள்.

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் தாத்தா தோட்டத்துக் காவல்காரர். ஒருநாள் சாயந்தரம் வெளியூரிலிருந்து வந்த சிலர் ரோட்டில் நின்றபடியே எதிர்மலை மானாப் புல்லில் நின்ற மரையைச் சுட்டார்கள். அது வில் அல்ல, துப்பாக்கிதான். ஆனால் தூரம் செய்கிற வேலை ஒன்றுதான். மரை துள்ளி மறைந்தது. தப்பிவிட்டது என்று சொல்லி வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். பள்ளத்தைத் தாண்டிப் போய்ப் பார்க்க அவர்களுக்கு மனமில்லை.

மறுநாள் காலை பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்து முடிந்ததும் தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரவு முழுக்க மழை. தரையில் ஒன்றும் இல்லை. தாத்தா தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குனிந்து, இடுப்பு உயரத்தில் இருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் கழுவிப் போயிருந்தது. அடிப்பக்கத்தில், நரம்போரமாக, காய்ந்த இரத்தம் ஒட்டியிருந்தது. அதில் அரைபட்ட புல் துணுக்கு. தாத்தா முகர்ந்து பார்த்துவிட்டு இலையைக் கீழே போடாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று கிடைக்கவில்லை, அடுத்த நாளும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆற்றோரத்தில், தண்ணீருக்குள் வயிறு அமிழ நின்றுகொண்டிருந்தது. படுக்கவில்லை, நின்றது. எங்களைப் பார்த்து ஓடவும் இல்லை. காதை மட்டும் ஒருமுறை திருப்பியது. தாத்தா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அது சாய்கிறவரை மழையில் நின்றார். மத்தியானம் ஆகிவிட்டது.

சுட்டவர்கள் அதைப் பார்க்கவில்லை, நடுவர் அவர்களே. அவர்கள் கணக்கில் அந்த மரை தப்பிவிட்டது. எட்ட நின்று எய்பவனுடைய வெற்றிக் கணக்கை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அவன் எண்ணுவது விழுந்ததை மட்டும்.

இந்த மலைநாட்டில் எண்ணிக்கைப் பெருமை பேசியவர்கள் இருந்திருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரி மேஜர் ரோஜர்ஸ் 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஒருகாலத்தில் யானைகள் திரிந்த ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை.

நம் பழைய இலக்கணம் வேட்டைக்காரனை எப்படிக் கண்டது தெரியுமா? குறிஞ்சித் திணையில் ‘கெடுதி வினாதல்’ என்று ஒரு துறை. தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் வந்து "என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் வந்ததா?" என்று தலைவன் கேட்பான். பேச்சைத் தொடங்க அது ஒரு சாக்கு, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாக்கு எப்படிச் செல்லுபடியானது? அம்பு விட்டவன் அடிபட்ட விலங்கைத் தேடி வருவான் என்பது அன்று வழக்கமாக இருந்ததால்தானே?

தசரதனையும் நினைத்துப் பாருங்கள். ஓசையை மட்டும் கேட்டு இருளில் எய்யும் வித்தை அவருக்குக் கைவந்தது. குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று நினைத்து எய்தார். குறி தப்பவே இல்லை. அம்பு சரியாகத்தான் பட்டது, கண்ணிழந்த பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளையின் மேல். வித்தையில் குறை இல்லை. கிட்டப் போய்ப் பார்க்காததுதான் குறை.

அமெரிக்காவைக் காட்டித்தானே பேசினீர்கள், அந்த அமெரிக்காவுக்கே போவோம். அங்கே நவீன வில் வேட்டைக்கு வழிகாட்டியது யார்? யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர், இஷி. 1911இல் காட்டை விட்டு வெளியே வந்தவர், 1916இல் இறந்தார். அவரிடம் வில் பழகியவர் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் சாக்ஸ்டன் போப். இஷி அடிபட்ட முயல் அலறுவதுபோல் வாயால் ஒலி எழுப்பி, விலங்கைத் தன் பக்கத்துக்கே வரவழைத்து எய்வார். அந்த போப்பின் பெயரையும் அவருடைய வேட்டைத் தோழர் ஆர்ட் யங் பெயரையும் தாங்கி 1961இல் அமெரிக்க வில் வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் வைத்த முக்கிய நிபந்தனை நியாயமான வேட்டை, அதாவது விலங்குக்கும் தப்ப வாய்ப்பு இருக்கிற வேட்டை. நீங்கள் பார்க்கும் காணொளியின் பாட்டனார்கள் எங்கள் அணியைச் சேர்ந்தவர்கள், தம்பி.

கடைசியாக ஒன்று. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். பன்றிக்கு வைத்த சுருக்கு. உயிரோடு மீட்டுக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துவிட்டது. இந்த மண்ணில் அபூர்வமாகத் தென்பட்ட ஒரு ஜீவன். சுருக்கு வைத்தவனுக்குச் சிறுத்தை மேல் பகை இல்லை. அவன் அங்கே இல்லை, அவ்வளவுதான். கம்பி இறுகும்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். தூரத்தின் கடைசி எல்லை அந்தச் சுருக்குதான். பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், தானாக இறுகும் சுருக்கையும் வில்லையும் ஒரே பிரிவில் சேர்த்துத் தடைசெய்திருக்கிறது. வில்லைச் சுருக்கோடு சேர்க்கலாமா என்று வில்லை நேசிப்பவர்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வருத்தம்தான். ஆனால் 90 மீற்றரில் நின்று எய்துவிட்டு, பள்ளத்தைத் தாண்டிப் போகாமல் வாகனம் ஏறுகிறவனுக்கும் சுருக்கு வைத்தவனுக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை.

எதிரணியில் இன்னும் ஒரு தம்பி பேச இருக்கிறார். என் மற்ற வாதங்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டாம். ஒன்றே ஒன்றுக்குச் சொல்லட்டும். 70 மீற்றரில் நீங்கள் விட்ட அம்பு வயிற்றில் பட்டுவிட்டது. மான் காட்டுக்குள் போய்விட்டது. இருட்டி மழையும் பிடித்துக்கொண்டது. தம்பி, அந்த இரவு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?