எம்டன் எங்கேருந்து வந்துச்சு?

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரையுது, பின்னாடி கேக்குதுல்ல? சரி.

நம்ம ஊர்ல ஒருத்தன் பயங்கர கில்லாடியா இருந்தா "அவன் சரியான எம்டன்பா"ன்னு சொல்லுவோம். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் கரைக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள சுட்டுக் கொளுத்திட்டுப் போச்சு, இது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஆனா அது ஜெர்மனிலேருந்து நேரா வரல, சீனாவுல சிங்டாவ்னு ஒரு துறைமுகம், அதான் அதுக்கு வீடு. சீனாவுல ஜெர்மன்காரனுக்கு என்ன வேலை? இத நோண்டுனா ஜப்பான் கதையும் கூடவே வந்துரும்.

பந்திக்கு முந்து படைக்குப் பிந்துன்னு சொல்வோம்ல, ஜெர்மனியும் ஜப்பானும் நாடு பிடிக்கிற பந்திக்குப் பிந்திட்டாங்க, அதனால படைக்கு முந்திட்டாங்க, பொதுவா இப்படித்தான் சொல்றது. ஜப்பான்ல மெய்ஜி சக்கரவர்த்தியோட புது ஆட்சி வந்தது 1868, ஜெர்மனி ஒரே நாடானது 1871, அதுக்குள்ள பிரிட்டனும் பிரான்சும் பாதி உலகத்த வளைச்சாச்சு. 1897ல ஜெர்மன் அமைச்சர் ப்யூலோ "வெயில்ல எங்களுக்கும் ஒரு இடம் வேணும்"னு பார்லிமெண்ட்ல பேசினாரு. (நமக்கு நிழல்ல இடம் கெடச்சாலே போதும், குளிர் நாட்டுக்காரன் ஆசை வேற.)

இந்த விளக்கத்த நான் பாதிதான் ஏத்துப்பேன். ஏன்னா கணக்கு இடிக்குது. 1914ல ஜெர்மனியோட எல்லா காலனியிலயும் சேத்து குடியேறின ஜெர்மன்காரங்க 25,000 பேர்கூட இல்ல, லட்சக்கணக்குல போனதெல்லாம் அமெரிக்காவுக்கு. காலனிகளோட நடந்த வியாபாரம் மொத்தத்துல ஒரு சதவீதத்தக்கூட தொடல. அப்போ எதுக்கு அவ்ளோ போர்க்கப்பல் கட்டுனாங்க? விஷயம் வீட்டுக்குள்ள இருந்துச்சு. பண்ணையாருங்க ஒரு பக்கம், எஃகு ஆலை முதலாளிங்க ஒரு பக்கம், கீழேருந்து தொழிலாளர் கட்சி வளந்துட்டே வருது, 1912 தேர்தல்ல அதான் பெரிய கட்சி. "கடற்படை, உலக வல்லரசு"ன்னு கொடி காட்டுனா எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சிக்கலாம்னு மேல இருந்தவங்க நெனச்சாங்க. 1898ல கடற்படைக்குப் பொறுப்பா இருந்த டிர்பிட்ஸ் கடற்படைச் சட்டம் கொண்டு வந்தாரு. பணம் குடுக்கலாமா வேணாமான்னு பார்லிமெண்ட் ஓட்டு போடலாம், ஆனா படை யார் பேச்ச கேக்கும்னா கெய்சர், அதாவது ஜெர்மன் சக்கரவர்த்தி, பேச்ச மட்டும்தான்.

இந்த எடத்த நல்லா ஞாபகம் வெச்சிக்குங்க, ஏன்னா ஜப்பான் காப்பி அடிச்சது இதத்தான்.

ஜப்பானுக்கு முதல்ல இருந்தது பேராசை இல்ல, பயம். 1853ல பெரிங்கிற அமெரிக்க கடற்படைத் தளபதி போர்க்கப்பலோட வந்து கதவ தட்டுனாரு, அதுக்கப்புறம் எழுதி வாங்குன ஒப்பந்தங்களால சொந்த நாட்டு சுங்க வரியக்கூட 1911 வரைக்கும் முழுசா தானே தீர்மானிக்க முடியல. 1873ல ஜப்பான் அரசாங்கம் அனுப்புன இவகுரா குழு பெர்லின் போய் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க்க பாத்துச்சு, பலம் இல்லாத நாட்ட சர்வதேச சட்டம் காப்பாத்தாதுங்கிற மாதிரி அவர் பேசுனது மனசுல ஒட்டிக்கிச்சு. அப்புறம் இட்டோ ஹிரோபுமிங்கிற ஜப்பான் தலைவர் அங்க போய் அரசியல் சட்டம் படிச்சிட்டு வந்தாரு, 1889ல வந்த சட்டத்துல படைக்குத் தலைவர் சக்கரவர்த்தி, மந்திரிசபை இல்ல.

1895ல சீனாவ ஜெயிச்சு லியாவோடுங் தீபகற்பத்த வாங்குனாங்க. உடனே ரஷ்யா, பிரான்ஸ், ஜெர்மனி மூணும் சேந்து "கிழக்குல அமைதி கெட்டுரும், திருப்பிக் குடு"ன்னாங்க. குடுத்தாங்க. ரெண்டே வருஷத்துல, ரெண்டு பாதிரிமார கொன்னுட்டாங்கன்னு சாக்கு சொல்லி ஜெர்மனி சிங்டாவ் இருக்குற விரிகுடாவ பிடிச்சிக்கிச்சு, 1898ல ரஷ்யா அதே லியாவோடுங் முனைய குத்தகைக்கு எடுத்துக்கிச்சு. ஊருக்குத்தான் உபதேசம்! ஜப்பான்ல அப்போ எல்லார் வாயிலயும் ஒரு பழைய சீனச் சொலவடை, விறகுமேல படுத்து பித்தத்த நக்கிட்டு பழிக்குக் காத்திருன்னு. சீனாகிட்ட வாங்குன நஷ்டஈட்டுல பெரும்பகுதி ராணுவத்துக்குப் போச்சு. 1905ல ரஷ்யாவ தோக்கடிச்சாங்க, 1910ல கொரியாவ முழுங்கினாங்க, அங்க பயம் போயி பேராசை வந்தாச்சு, நம்மள மிதிச்சான்னு அழுதவன் அடுத்தவன மிதிக்க ரொம்ப நாள் எடுத்துக்கல. முதல் உலகப்போர் வந்துச்சு, 1914 நவம்பர் 7ல ஜெர்மனிகிட்ட இருந்த சிங்டாவும் ஜப்பான் கையில. ரெண்டு நாள் கழிச்சு கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி நம்ம எம்டன முடிச்சிருச்சு, வீடும் போச்சு கப்பலும் போச்சு.

இப்போ அந்த காப்பி அடிச்ச சட்டத்துக்கு வருவோம். ராணுவ மந்திரி பதவில இருக்குற ஜெனரலாத்தான் இருக்கணும்னு 1900ல ஒரு விதி வேற போட்டாங்க. 1912ல ராணுவம் கூடுதலா ரெண்டு டிவிஷன் கேட்டுச்சு, பணம் இல்லன்னு பிரதமர் சையோன்ஜி சொன்னாரு, மந்திரி ராஜினாமா, ராணுவம் வேற ஆள அனுப்பல, ஆட்சியே கவுந்துச்சு. வோட்டு கேக்காத ஒருத்தன் கையில சாவி!

1929க்கப்புறம் உலகப் பொருளாதார மந்தத்துல பட்டு விலை விழுந்து ஜப்பான் கிராமங்க பட்டினில கெடந்தப்போ இந்த சாவி இன்னும் ஆபத்தாச்சு. 1931 செப்டம்பர் 18, சீனாவோட வடகிழக்குல இருக்குற மஞ்சூரியாவுல ஜப்பான் ராணுவ ஆபீசருங்களே தங்களோட ரயில் பாதைல குண்டு வெச்சிட்டு சீனாக்காரன் வெச்சான்னு சொல்லி படையெடுத்தாங்க, டோக்கியோ மந்திரிசபை சண்டைய பெருசாக்காதீங்கன்னு சொல்லுது, கொரியாவுல இருந்த படை மேலிடத்து உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே எல்லை தாண்டிருச்சு. தண்டனை? யாருக்கும் இல்ல. திட்டம் போட்டவங்கள்ல முக்கியமான ஆள் இஷிவாரா கான்ஜி. 1920கள்ல போர்க்கலை படிக்க அவர ஜப்பான் ராணுவமே அனுப்பி வெச்ச ஊர், பெர்லின்.