ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(சாத்தூரில் நடந்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அய்யா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரிகள் சங்கச் செயலாளர் அண்ணாச்சி அவர்களே, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களே, உறுப்பினர்களே, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சார் வந்திருக்கிறார். 86 வயது. பேரன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து இந்த வெயிலில் வந்திருக்கிறார். அவர் கீழே இருக்க நான் மேடையில் நிற்பது முறையில்லை என்று தலைவரிடம் சொன்னேன். உடனே மேடையில் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். அதற்குத் தலைவர் அய்யாவுக்கு நன்றி. பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த செயலாளர் அண்ணாச்சிக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'அமைதிப்படையில் ஒரு கொள்முதல் அலுவலர்'. தெற்கு சூடானில் ஐ.நா. அமைதிப்படைக்கு வேண்டிய பொருள்களை வாங்கும் வேலையில் இருந்தவன் நான். மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன்: போட்டி, காலம், அளவு. இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள், அதையும் கடைசியில் பார்ப்போம்.

என் அப்பா விருதுநகரில் ஒரு பருப்புக் கடையில் தராசு பிடித்தவர். படியால் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், அளந்ததைத் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. ஐ.நா.வில் எனக்குத் தந்த கொள்முதல் கையேடு கனமான புத்தகம். அதை முழுக்கப் படித்தபோது, அப்பா சொன்னதுக்கு மேல் அதிகம் இல்லை என்றுதான் தோன்றியது.

தெற்கு சூடான் 2011 ஜூலை 9-ஆம் தேதி தனி நாடானது. அன்றைக்கே ஐ.நா. அமைதிப்படையும் அங்கே வேலையைத் தொடங்கியது. முதலில் 7,000 வீரர்கள் வரை அனுமதி. 2013 டிசம்பரில் உள்நாட்டுச் சண்டை மூண்டதும் அது 12,500 ஆனது. 2016-இல் 17,000. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவு. வீரர்களை நாடுகள் அனுப்பும். ஆனால் அவர்கள் குடிக்கும் தண்ணீர், ஜெனரேட்டருக்கு டீசல், தங்கும் கண்டெய்னர் வீடு, ஆழ்துளைக் கிணறு, முள்கம்பி, மருந்து வைக்கும் குளிர்பெட்டி, இதையெல்லாம் யாரோ ஒருவர் வாங்கித்தானே ஆக வேண்டும்? அந்த வேலையைச் செய்த பலரில் நானும் ஒருவன்.

சரக்கு கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து உகாண்டா வழியாக நிமுலே எல்லையைத் தாண்டித் தலைநகர் ஜூபாவுக்கு லாரியில் வரும். ஜூபாவுக்கு அந்தப் பக்கம்தான் சோதனை. அந்த நாட்டின் பெரும்பகுதி கரிசல் மண். நமக்கு அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை விழுந்தால் செருப்பை வாங்கிக்கொள்ளும். அங்கே லாரியையே வாங்கிக்கொள்ளும். மழை மாதங்களில் பல ஊர்களுக்குச் சாலை என்று ஒன்று இருக்காது. அப்போது மலக்கால் என்ற ஊருக்கு வெள்ளை நைல் ஆற்றில் படகில்தான் சரக்குப் போகும். 2014 ஏப்ரலில் உணவும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு போன படகுகளைத் தாக்கினார்கள். நான்கு பேருக்குக் காயம். படகில் ஏற்றும் ஒவ்வொரு பீப்பாயையும் எண்ணித்தான் ஏற்றினோம். அப்பா சொன்னதை எழுத்துக்கு எழுத்து அங்கே செய்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

சரி, போட்டிக்கு வருவோம். நான் இருந்த காலத்தில், விற்க வருபவர்களின் ஒப்பந்தப்புள்ளிகள் மூடிய உறையில் வரும். குறித்த நாளில், குறித்த மணியில், வேறு பிரிவைச் சேர்ந்தவர்கள் முன்னிலையில் திறப்பார்கள். நேரம் கடந்து வந்ததைச் சேர்க்கமாட்டார்கள். பெரிய தொகை என்றால் ஒப்பந்தக் குழு பார்த்த பிறகுதான் கையெழுத்து. இத்தனை காவல் ஏன்? 2005-இல் நியூயார்க் தலைமையகத்தின் கொள்முதல் பிரிவு அலுவலர் ஒருவர் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2007-இல் லஞ்ச வழக்கில் இன்னொருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். அவர் நம் நாட்டுக்காரர். இதை இந்தியன் என்ற முறையில் வேதனையோடுதான் சொல்கிறேன். அந்த நிழல் எங்கள் தலைமுறை மேல் வெகுகாலம் இருந்தது.

அதனால்தான் அங்கே வேலையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொருள் வேண்டும் என்று கேட்பவர் ஒருவர். வாங்குபவர் இன்னொருவர். வந்ததை அளப்பவர் மூன்றாமவர். பணம் கொடுப்பவர் நான்காமவர். இந்த நால்வரில் எளியவர் அளப்பவர்தான். சம்பளமும் குறைவு. ஆனால் மற்ற மூவரின் கையெழுத்தும் அவர் கையில் நிற்கிறது. இதை எனக்குப் புரியவைத்த சம்பவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைல் கரையில் ஓர் ஊர். பெயர் போர். தமிழ்க் காதுக்குச் சண்டை என்று கேட்கும். 2013 டிசம்பருக்கும் அடுத்த ஜனவரிக்கும் நடுவே அந்த ஊர் பலமுறை கைமாறியது, ஆகவே பெயர் பொய்யில்லை. எங்கள் முகாமுக்குள் சில ஆயிரம் பேர் உயிருக்குப் பயந்து தங்கியிருந்தார்கள். காவலுக்கு நம் இந்தியப் பட்டாளம். அந்தச் சண்டையில், அதே மாநிலத்தில் உள்ள அகோபோ என்ற இடத்தில், நம் வீரர்கள் உயிரையே கொடுத்தார்கள்.

2015 பிப்ரவரி. ஒரு சப்ளையரோடு தகராறு என்று அந்தப் போர் ஊர் முகாமுக்குப் போயிருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு டீசல் டேங்கர் வந்து நின்றது. சீல் சரியாக இருந்தது. ரசீதில் 40,000 லிட்டர். முகாமில் டீசல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் பம்ப் ஓட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு விளக்கு எரிய வேண்டும். எல்லோரும் அவசரப்பட்டார்கள். இறக்கிக்கொள்ளுங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் அதைத்தான் சொன்னேன்.

எரிபொருள் கிடங்கில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வேலை பார்த்தார். நெடுநெடுவென்று உயரம், நெற்றியில் தழும்புக் கோடுகள். ஆங்கிலம் பத்து வார்த்தை தெரியும். அவர் கையைக் காட்டி, "ஷ்வயா, ஷ்வயா" என்றார். ஜூபா அரபியில் மெல்ல, மெல்ல என்று அர்த்தம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி தண்ணீர் நிரப்பினார். மூடினார். டேங்கரின் அடிச்சட்டத்தின் மேல் படுக்க வைத்தார். குனிந்து பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். பாட்டிலுக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது! அளவுக்குச்சி விடும் துளையும் பின்பக்கம்தான். அப்படியே அளந்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

டிரைவர் கத்தினார். பெரியவர் அசையவில்லை. வண்டியைச் சமதரைக்கு நகர்த்தச் செய்தார். அப்புறம் நிழலில் உட்கார்ந்துவிட்டார். குலுங்கிய எண்ணெய் அடங்க வேண்டுமாம். அரை மணி நேரம் அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எழுந்து, குச்சியின் நுனியில் ஒரு பசை தடவினார். தண்ணீர் பட்டால் சிவக்கும் பசை அது. குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் இரண்டு விரற்கடை செக்கச்சிவந்திருந்தது. அடியில் தண்ணீர். ஒவ்வொரு அறையாக அளந்தார். வெப்பமானியும் விட்டார். டீசல் வெயிலில் உப்பும், அதனால் 15 டிகிரிக்கு மாற்றித்தான் கணக்கு வைப்போம். 40,000 லிட்டரில் 20 டிகிரி வித்தியாசம் என்றால் அதுவே 600 லிட்டருக்கு மேல் வரும். கடைசியில் எங்கள் தாளில் விழுந்த எண் 38,700 சொச்சம். இருந்த அளவுக்குத்தான் பணம் போனது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மூன்று மாதம் ஒப்பந்தப்புள்ளிகளை அலசி லிட்டருக்கு ஒரு சென்ட், இரண்டு சென்ட் குறைத்திருந்தேன். அந்த மிச்சம் முழுவதும் ஒரு சரிவான தரையில் போயிருக்கும். காலையில் அந்தப் பெரியவரிடம் போய், என் அப்பாவும் தராசு பிடித்தவர் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர்களை நான் வருந்தி அழைத்த காரணமும் இதுதான். யாரையும் சந்தேகப்பட்டுப் பேசவில்லை. நம் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கிறார்கள். இன்ன தெருவுக்கு இத்தனை லட்சத்தில் சாலை என்று வாசிக்கிறார்கள். வந்து இறங்கிய ஜல்லி எத்தனை யூனிட், யார் அளந்தார்கள் என்று வாசிப்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்றுதான் இரண்டு வருடமாகச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அளப்பது கஷ்டமா? 100 கன அடி ஒரு யூனிட். லாரிப் பெட்டியின் உள் நீளம் 12 அடி, அகலம் 7 அடி, சரக்கு நிற்கும் உயரம் மூன்றரை அடி. பெருக்கினால் 294. ஏறக்குறைய 3 யூனிட். அதே பெட்டியில் சரக்கு அரை அடி இறங்கி நின்றால் 252. கண்ணுக்கு அரை அடி பெரிதாகத் தெரியாது. ஆனால் 42 கன அடி போய்விட்டது, கிட்டத்தட்ட அரை யூனிட்! எட்டாம் வகுப்புக் கணக்கு. சார் தலையாட்டுகிறார், சரியாகத்தான் பெருக்கியிருக்கிறேன்.

போர் ஊர் முகாமில் அந்தப் பெரியவர் செய்ததை நம் ஊரில் யார் செய்வது? மகளிர் குழுவில் இருவர், படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளில் இருவர், ஊருக்கு நான்கு பேர் போதும். சரக்கு வரும் நாளில் போய் நிற்க வேண்டும். அளக்க வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், சாலையில் போடுவதை அளக்க வேண்டாமா? மூன்று தலைவர்கள் தங்கள் ஊரில் செய்கிறோம் என்று வரும்போதே என்னிடம் சொன்னார்கள். எழுந்து நில்லுங்கள் அய்யா, எல்லோரும் பார்க்கட்டும். ரொம்ப நன்றி.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காலம் பற்றிப் பேச நேரமில்லை. வேலைக்கு எப்படிப் போவது என்பதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருவோம், வீட்டுக்கு வாருங்கள்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். மனு அங்கே இருக்கிறது. நவம்பர் 1 கிராம சபையில் வைக்க வேண்டிய மனு. பக்கத்தில் ஒரு பெட்டியில் 30 அளவு டேப் வைத்திருக்கிறேன், ஊராட்சிக்கு ஒன்று, என் செலவு. ஒவ்வொன்றையும் பிரித்து, இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு டேப் சரியில்லை, மாற்றி வாங்கினேன். முதல் கையெழுத்து கணக்கு சார் போடுகிறார். பேனாவை யாராவது அவரிடம் கொடுங்கள். வணக்கம்.