கய்யாலையும் கண்ணீரும்

நடுவர் அவர்களே, பாறசாலையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் வந்திருக்கும் சபையாரே, உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாவம் நீங்கிச் சுத்தமாவதற்குத் தேவனிடம் அறிக்கையிடுவதே போதும் என்று எதிரணித் தலைவர் ஐம்பத்தொன்றாம் சங்கீதத்தை எடுத்து உருக்கமாகப் பேசினார். ஈசோப்பினால் (சுத்திகரிப்புச் சடங்கில் பயன்பட்ட செடி) என்னைச் சுத்திகரியும் என்று தாவீது மன்றாடியதை நாங்களும் ஜெபமாகச் சொல்லுகிறவர்களே. மன்னிப்பு கிருபையாய் வருவது, அதை எவரும் விலைக்கு வாங்க முடியாது என்பதிலும் எங்களுக்கு மறுப்பில்லை. அயலானிடமிருந்து எடுத்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பவர், தாம் கழுவப்பட்டுவிட்டதாகச் சொல்லலாமா என்பதே எங்கள் அணியின் கேள்வி.

எரிகோவில் நடந்ததைப் பாருங்கள். உன் வீட்டில் தங்கவேண்டும் என்று, வரி வசூலிக்கும் ஆயக்காரனாகிய சகேயுவை இயேசு அழைத்தது முதலில். சகேயு கணக்குச் சொன்னது அதற்குப் பிறகு. ஆகவே அவன் பணம் கொடுத்துக் கிருபையைப் பெறவில்லை. ஆனால் அவன் அழுததாக லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிச் செலுத்துவதாகவும் அவன் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தின் பிரமாணம். ஆயக்காரனோ அந்த அளவையும் தாண்டிப் போனான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை அதன் பின்னரே வருகிறது.

நம் பக்கத்தில் மழைக்கு இடிந்த கய்யாலையை, அதாவது எல்லைச் சுவரை, மறுபடி கட்டும்போது, ஒரு முழம் அயலானின் புரையிடத்துக்குள், அதாவது அவன் நிலத்துக்குள், தள்ளிக் கட்டிவிட்டு, அந்த மண்ணில் நிற்கும் ரப்பரில் பாலும் எடுத்துக்கொண்டு, கன்வென்ஷன் பந்தலில் தேம்பி அழுகிறவர்கள் உண்டு. (நான் யாரையும் சுட்டவில்லை; நீங்கள் ஏன் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்?) அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் சொல்லி, அதற்கு ஜனங்களெல்லாரும் ஆமென் சொல்லவேண்டும் என்கிறதே, அந்த ஆமெனை அவர் எந்த வாயால் சொல்லுவார்?

இயேசுவோடு சிலுவையில் தொங்கி மன்னிப்புப் பெற்ற கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். அவர்களுடைய வாதங்களில் வலுவானது இதுவே. அவனுக்கு மீதியிருந்தது நாவு மட்டும். அதைக் கொண்டே தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான், நிந்தித்த மற்றவனையும் கடிந்துகொண்டான். சிலுவையோடு கைகள் பிணைக்கப்பட்டவன் பெற்ற விலக்கை, மண்வெட்டி பிடிக்கக் கைகள் உள்ள ஒருவர் தமக்கும் கேட்பது எப்படிப் பொருந்தும் என்பதை எதிரணியினர் தங்கள் அடுத்த சுற்றில் விளக்கட்டும்.