தீர விசாரிக்கத் தெரிந்த சனம்
(சனசமூக நிலைய ஆண்டு விழா உரை, யாழ்ப்பாணம்)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதவான் ஐயா அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, வழக்குகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்த சட்டத்தரணிகளே, காலையிலிருந்து பூமாலை கட்டிய மாதர் சங்கத்து அக்காமாரே, வாசிகசாலைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சட்டம் படிக்காத சனம் ஏன் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, அமர வேண்டும்? இரண்டு காரணங்கள் சொல்ல வந்தேன். முதலாவதை நம் பெரியவர்களே சொல்லிவிட்டார்கள்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். சட்டம் எது என்று நீதிபதி சொல்லுவார். சாட்சி சொன்னது நம்பக்கூடியதா என்று பார்க்க உலக அனுபவம் போதும். ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் பிடிப்பார். நம் மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் ஏழு பேர். ஐந்து பேராவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பயமில்லாமை. 1670இல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் மீது வழக்கு. அவர்களின் வழிபாட்டு மண்டபத்தை அரசு பூட்டிவிட்டது, அதனால் பென் தெருவில் நின்று பிரசங்கம் செய்தார். அதுதான் குற்றம்! ஜூரிகள் பன்னிரண்டு பேர். 'பென் தெருவில் பேசினார், அவ்வளவுதான்' என்றார்கள். நீதிபதிகளுக்குக் கோபம். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, குளிருக்கு நெருப்பு இல்லை, அறையில் போட்டுப் பூட்டு! இரவு போனது. திரும்பவும் அதே பதில். மறுபடி பூட்டு. கடைசியில் 'குற்றவாளிகள் அல்லர்' என்றே சொன்னார்கள். நீதிபதிகள் ஜூரிகளுக்கே தண்டம் விதித்தார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரி, 'கட்டமாட்டேன்' என்று சிறைக்குப் போனார். தலைமை நீதியரசர் வோன் அவரை விடுவித்தார்: தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது. பசியோடு இருந்தும் தீர விசாரித்த மனிதர்கள் அவர்கள்.

இப்போது நம்மிடம் வருவோம். யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயர் ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், கேட்டபடி சிங்களம் பேசும் ஜூரிகள் அமர்ந்தார்கள். 2016 டிசம்பரில் எதிரிகள் அனைவரும் விடுதலை. எந்த மொழி ஜூரி என்று தெரிவு செய்வது பொதுவாக எதிரியின் உரிமை. அதனால்தான் சொல்கிறேன், இதெல்லாம் சனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளிலோ நீதிமன்றக் கடிதம் வந்தால் மெடிக்கல் எடுக்க ஓடுகிறோம். விசாரிக்க நாம் போகாவிட்டால் மெய்யை யார் காண்பது?

ஆகவே ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் வெள்ளி மாலை சட்ட வாசிப்பு வேண்டும். பத்திரிகை மேசையிலேயே, தமிழில், குற்ற வழக்குகள் நடக்கும் முறையைச் சொல்லும் குற்றவியல் நடவடிக்கைக் கோவையை வைத்து. சட்டத்தரணிகள் முறை வைத்து வந்தால் போதும். தேத்தண்ணீர் மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும். வாசலில் கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். நன்றி.