யாருக்காக இந்தப் பகட்டு? 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடர் குறித்து ஓர் உரை

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

பிபிசி 1990 முதல் 1995 வரை ஒளிபரப்பிய 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' ('வெளித்தோற்றத்தைக் காத்தல்') என்னும் நகைச்சுவைத் தொடரை, பகட்டுக்காரி ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பதற்கான கேளிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. ராய் கிளார்க் எழுதிய அந்த 44 நிகழ்ச்சிகளும் அடிப்படையில் அச்சத்தைப் பற்றியவை என்பதே என் கருத்து.

பட்ரிசியா ரூட்லெட்ஜ் ஏற்று நடித்த ஹயசிந்த், எளிய குடும்பத்தில் பிறந்து, உள்ளாட்சி அலுவலரான ரிச்சர்டை மணந்து, புறநகர்ப் பகுதி ஒன்றில் துப்புரவான வீட்டில் வாழ்பவள். கணவன்வழி வந்த 'பக்கெட்' என்னும் குடும்பப் பெயரை 'பூக்கே' (பூங்கொத்து) என்றே அனைவரும் உச்சரிக்க வேண்டும் என்பது அவளது கட்டளை. அவளுடைய மெழுகுவர்த்தி விருந்துகளுக்கு அழைப்பு வந்துவிடுமோ என்று பாதிரியார் முதல் அண்டை வீட்டார் வரை அஞ்சி ஒளிகிறார்கள். எந்த மேட்டுக்குடியினரின் மதிப்புக்காக அவள் இத்தனை பாடுபடுகிறாளோ, அவர்கள் தொடரில் அரிதாகவே தலைகாட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவளிடம் தகுதிச் சான்று கேட்பவர் எவரும் இல்லை. அவளை இடைவிடாமல் சோதிக்கும் தேர்வாளர் அவளுக்குள்ளேயே குடியிருக்கிறார்.

அந்த அச்சம் பிறரையும் தொற்றிக்கொள்வதைக் காட்ட ஆசிரியர் கையாண்ட கருவி ஒரு காப்பிக் கோப்பை. பக்கத்து வீட்டு எலிசபெத் தன் வீட்டில் இயல்பாகக் காப்பி அருந்துபவள்தான். ஆனால் ஹயசிந்தின் மேசையில், கையால் பூ வரையப்பட்ட ராயல் டோல்டன் என்னும் உயர்தரப் பீங்கான் கோப்பையை எடுத்ததும் அவள் விரல்கள் நடுங்குகின்றன, காப்பி சிந்துகிறது, சில வேளை கோப்பையே உடைகிறது. எலிசபெத்தின் தம்பி எம்மெட்டின் நிலை இன்னும் பரிதாபம். அவன் இசைத்துறையைச் சேர்ந்தவன் என்பதற்காகவே, அவனைக் கண்ட இடத்திலெல்லாம் ஹயசிந்த் உரத்த குரலில் பாடத் தொடங்கிவிடுவாள். பிராட்வே இசை நாடகத்துக்காக 1968-இல் அமெரிக்க நாடக உலகின் உயரிய டோனி விருதைப் பெற்ற ரூட்லெட்ஜ், அத்தனை நயமின்றிப் பாடிக் காட்டினார் என்பதை இடையில் சொல்லியாக வேண்டும். நன்றாகப் பாடத் தெரியாதவரால் அப்படிப் பாட முடியாது.

இருப்பினும் தொடரின் உயிர்நாடி அவளுடைய தங்கைகளிடத்தில்தான் இருக்கிறது. மெர்சிடிஸ் காரும், நீராவிக் குளியலறையும், குதிரைக்குட்டி வளர்க்க இடமும் உடைய வயலெட்டைத் தொலைபேசியில் ஊரறிய அறிமுகப்படுத்தும் ஹயசிந்த், அதே அழைப்பில் வயலெட் தன் மணவாழ்க்கையின் சீரழிவைச் சொல்லி அழும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். மற்ற இரு தங்கைகளான டெய்ஸியும் ரோஸும் வசிப்பதோ அரசுக் குடியிருப்பில். வாசலில் கைவிடப்பட்ட காருக்குள்ளிருந்து ஒரு நாய் பாய்ந்து குரைக்க, ஒவ்வொரு முறையும் ஹயசிந்த் துள்ளி வேலிச்செடியில் சாய்கிறாள். டெய்ஸியின் கணவன் ஆன்ஸ்லோ, பனியனோடு பீர் குடித்தபடி தொலைக்காட்சி பார்ப்பவன். வேலைக்குப் போகும் எண்ணம் இல்லாதவன். அவனைப் புனிதனாக்காமல் விட்டதற்காகவே ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஹயசிந்தின் முன்னிலையில் கை நடுங்காத மனிதன் அவன் ஒருவனே.

இவர்களுடைய வயது முதிர்ந்த தந்தை யார் வீட்டில் இருக்கிறார் என்று பாருங்கள். அவருடைய போர்க்காலப் பெருமையை ஹயசிந்த் வாய் ஓயாமல் பேசுகிறாள். அவருக்கு ஒன்று நேர்ந்தால் உண்மையாகவே பதறி ஓடி வருகிறாள். அந்தப் பாசத்தை நான் ஐயுறவில்லை. நினைவு தடுமாறி, பெண்களைத் துரத்தி, அவ்வப்போது தெருவில் காணாமல் போகும் அந்த முதியவருக்குச் சோறு போட்டுப் படுக்கை விரிப்பது மட்டும், ஹயசிந்த் ஒளித்து வைக்க விரும்பும் டெய்ஸியின் வீடுதான். அதற்காக டெய்ஸியோ ஆன்ஸ்லோவோ அவளிடம் ஒருநாளும் கணக்குக் கேட்பதில்லை.