கடற்கரையா, கரும்புக்காடா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வெயில் தாழ்ந்ததும் பாயும் பிள்ளையுமாக வந்து உட்கார்ந்திருக்கும் தருமபுரித் தாய்மார்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். மொரீசியஸ் தீவை வாழவைத்தது கடற்கரையா, கரும்புக்காடா என்பது தலைப்பு. நான் கரும்புக்காட்டுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நீலக்கடல், வெள்ளை மணல், பவளப்பாறை என்று அழகாகச் சொன்னார். 2019இல் மட்டும் சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம் பேர் அங்கே சுற்றிப்பார்க்க வந்தார்கள், அந்த நாட்டு மக்கள்தொகையைவிட அது அதிகம் என்றார். கணக்கு சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் அண்ணே, விருந்துக்கு வந்தவர்களை எண்ணினீர்கள், அடுப்பு மூட்டியது யார் என்று சொல்லவில்லையே!

அந்தத் தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் தருமபுரி மாவட்டத்தில் பாதிகூட வராது. எரிமலைக் குழம்பு ஆறி உண்டான தீவு, அதனால் எங்கே தோண்டினாலும் கருங்கல். பென்னாகரம் பக்கம் மானாவாரிக் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் கல் பொறுக்கி வரப்போரம் போட்டால், அடுத்த வருஷம் ஏர் ஓட்டும்போது அதே இடத்தில் மறுபடி கல் கிளம்பும். அங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு கல்லாகக் கையால் தூக்கி வயலுக்கு நடுவிலேயே அடுக்கினார்கள். அந்தக் கற்குவியல்கள் இன்றைக்கும் கரும்புக்கு மேலே தலை தெரிய நிற்கின்றன.

தூக்கியது யாருடைய கை? டச்சுக்காரர்கள் 1598இல் வந்து, ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தார்கள், 1710இல் தீவை விட்டே போய்விட்டார்கள். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள், 1810இல் ஆங்கிலேயர்கள். கொடி மாறியது, கல் தூக்கிய கை மாறவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மக்கள் அவர்கள். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்குச் சற்று முன்பே, 1834இல், அட்லஸ் என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்து இறங்கியவர்கள் மொத்தம் நாலரை லட்சம் பேருக்கு மேல். பீகார்க்காரர்கள் அதிகம், நம் தமிழ் ஜனங்களும் உண்டு. போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் ஏறிய 16 கல்படிகள் இன்னும் இருக்கின்றன. அந்த இடத்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊர் பெயர் தெரியாத, பாஷை தெரியாத ஒரு பெண், கையில் ஒரு துணிமூட்டையோடு அந்தப் படியில் கால் வைத்திருப்பாள் இல்லையா, அவள் எந்தக் கடற்கரையைப் பார்க்க வந்தாள் ஐயா? அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தது அவளுடைய வியர்வை.

சரி, காசுக் கணக்குக்கு வருகிறேன். 1968இல் மொரீசியஸ் விடுதலை பெற்றபோது ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரை. 1975 லோமே ஒப்பந்தப்படி ஐரோப்பா உறுதியான விலை கொடுத்து வாங்கியது. அந்தச் சர்க்கரைப் பணம்தான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளாக மாறியது, அந்த வரிப்பணம்தான் 1977இல் உயர்நிலைக் கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்க உதவியது. நீங்கள் பாடிய ஓட்டல்கள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றுக்கு முதல் போட்டதே சர்க்கரை எஸ்டேட் குடும்பங்கள்தான்.

ஐரோப்பாவின் அந்த விலை 2009இல் முடிந்துவிட்டது, ஆலைகள் மூடப்பட்டன, கரும்பின் காலம் போய்விட்டது என்று எதிரணி சொல்லும். ஆலைகள் குறைந்தது உண்மை, வருத்தமான உண்மை. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். ஆனாலும் அங்கே அறுவடைக் காலத்தில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஓட்டல் வரவேற்பறை விளக்கிலும் அந்த மின்சாரம் கலந்துதான் வருகிறது.

சுற்றுலாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? காவிரியில் தண்ணீர் கூடிவிட்டால் ஒகேனக்கல்லில் பரிசல் நிற்கும். பரிசல் ஓட்டும் அண்ணன், மீன் வறுக்கும் அக்கா, எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் என்று எல்லோர் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு யோசித்துத்தான் எரியும். மொரீசியஸுக்கு அந்த நாள் 2020 மார்ச்சில் வந்தது. கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். 13 லட்சத்து 80 ஆயிரம் என்றீர்களே, அந்த வருஷம் அது சுமார் 3 லட்சமாகச் சுருங்கியது. கடல் அப்படியே நீலமாகத்தான் இருந்தது, மணலும் வெள்ளையாகத்தான் இருந்தது, பார்க்க ஆள் இல்லை.

அதே வருஷம் ஜூலை 25ஆம் தேதி, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளத்திட்டின் மேல் ஏறித் தட்டி நின்றது. ஆகஸ்டில் அது விரிசல் விட்டு, சுமார் ஆயிரம் டன் எண்ணெய் அந்த நீலத் தண்ணீரில் கறுப்பாகப் பரவியது. ஊர் ஜனம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பெண்கள் துணியைப் பை பையாகத் தைத்தார்கள், இளைஞர்கள் காட்டுக்கு ஓடிச் சோகையை வாரிக்கொண்டு வந்தார்கள், அதைப் பைக்குள் திணித்து, மிதப்பதற்குப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, ராத்திரி பகலாக மைல் கணக்கில் மிதவை வேலி கோத்துக் கடலில் இறக்கினார்கள்.

சோகை என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும், கரும்பின் காய்ந்த தோகை. அடுத்து எதிரணியில் பேச வரும் அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன். அன்றைக்கு அந்தக் கடற்கரைக்குக் காவல் நின்ற மிதவைக்குள் என்ன இருந்தது, அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதை இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் கடற்கரையைப் பற்றிப் பேசுங்கள் அக்கா. நன்றி, வணக்கம்.