எந்தப் பாட்டி? எந்த பிளக்?

அனைவருக்கும் வணக்கம். ஃபேன் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஒரு நாளிதழில் இருபது வருடத்துக்கும் மேல் இரவு ஷிஃப்ட் பார்த்த உதவி ஆசிரியன். ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதித் தலைப்புப் போட வேண்டும், அதுவும் பக்கம் அச்சுக்குப் போவதற்குள். அமெரிக்க அரசியல் விளம்பரங்களைப் பற்றிப் பேச இவன் யார் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த விளம்பரங்கள் பாதிக்கு மேல் என்னைப் போன்ற ஆட்களை நம்பித்தான் ஓடுகின்றன. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2009 ஆகஸ்டில் ஓர் இரவு. ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை வைத்து அங்கே ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அயோவா மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லியின் பேச்சு ஏஜென்சியில் வந்தது. பாட்டியின் பிளக்கைப் பிடுங்கலாமா என்று தீர்மானிக்கிற அரசுத் திட்டம் நமக்கு வேண்டாம் என்கிறார். நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன்: "பாட்டியின் பிளக்கைப் பிடுங்குவதா? செனட்டர் ஆவேசம்." தலைமை உதவி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எந்தப் பாட்டி? எந்த பிளக்கு? ஏன்யா, அயர்ன்பாக்ஸா?"

ஆங்கிலத்தில் அது பேச்சுவழக்கு. ஆஸ்பத்திரியில் உயிர்காக்கும் கருவியை நிறுத்துவதற்கும் அதுதான் சொல், ஓடாத டிவி நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்துவதற்கும் அதுதான். இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் மாற்றினோம்: "முதியோர் உயிருக்கு உலை?" மூன்றே சொல், கச்சிதமாக உட்கார்ந்தது. கேள்விக்குறி வேறு போட்டாகிவிட்டது, நமக்குப் பொறுப்பில்லை. டீ குடிக்கப் போனோம்.

மசோதாவில் என்னதான் இருக்கிறது என்று பிறகு ஒரு நாள் எடுத்துப் படித்தேன். 1233-வது பிரிவு. கடைசிக் காலத்தில் தனக்கு எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் தன் டாக்டரோடு உட்கார்ந்து பேச விரும்பினால், பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, அந்தப் பேச்சுக்கான ஃபீஸை மெடிகேர் கொடுக்கும். அவ்வளவுதான். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தொட்டவர்களுக்கான அரசுக் காப்பீடு. ஏழைகளுக்கானது மெடிகெய்ட். (இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு நான் வாங்கிய திட்டுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்கலாம்.)

கிராஸ்லி பேசுவதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 7 அன்று, முந்தைய வருடம் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் 'டெத் பேனல்' என்ற சொல்லை இறக்கியிருந்தார். தன் பெற்றோரும், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் குழந்தையும் அதன் முன் நிற்க வேண்டிவரும் என்று எழுதினார். பிறகு, ஆதாரமாக இந்த 1233-ஐக் கை காட்டினார். ஒன்றைக் கவனியுங்கள், அந்தச் சொல்லை அவர் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார். மேற்கோள் குறி என்றால் யாரோ சொன்னது என்று அர்த்தம். மசோதாவில் அந்தச் சொல் எங்குமே கிடையாது!

நாங்கள் அதை 'மரணக் குழு' என்று தமிழாக்கினோம். பள்ளிக்கூடத்தில் தொகை படித்திருப்பீர்கள். தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரை உடைய குடம். தேர்ப்பாகன் என்றால் தேரை ஓட்டும் பாகன். நடுவில் இருக்கிற வேலை வெளியே தெரியாது, கேட்கிறவர் போட்டுக்கொள்வார். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று வாய் நிறையப் பெயர். மரணக் குழு என்பது மரணத்தைப் பற்றிப் பேசும் குழுவா, மரணத்தை விதிக்கும் குழுவா? தலைப்பில் அந்த நடுச் சொல்லுக்கு இடமில்லை. படிக்கிறவர் தன் வீட்டுக் கட்டிலில் கிடக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டு அதை நிரப்புவார். அந்த ஆண்டின் மிகப் பெரிய பொய் என்று, அரசியல்வாதிகள் பேச்சைச் சரிபார்க்கும் பாலிட்டிஃபாக்ட் தளம் இதைத்தான் தேர்ந்தெடுத்தது. அதற்குள் செனட்டில் அந்தப் பிரிவையே கைவிட்டிருந்தார்கள்.

தற்செயலாக விழுகிற இரட்டை அர்த்தமும் உண்டு, அது வேறு சங்கதி. தொல்காப்பியத்திலேயே தடுமாறு தொழிற்பெயர் என்று ஒன்று வருகிறது. அதற்கு உரைகளில் வரும் உதாரணம் 'புலிகொல் யானை'. கொன்றது புலியா, யானையா? ஆங்கிலத் தலைப்பில் இந்தத் தடுமாற்றம் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே பெயரும் வினையும் பல இடங்களில் ஒரே உருவம். "பிரிட்டிஷ் லெஃப்ட் வாஃபிள்ஸ் ஆன் ஃபாக்லண்ட்ஸ்" என்று ஒரு தலைப்பை அடிக்கடி சொல்வார்கள். ஃபாக்லண்ட் விவகாரத்தில் பிரிட்டிஷ் இடதுசாரிகள் மழுப்புகிறார்கள் என்றும் படிக்கலாம், பிரிட்டிஷார் அந்தத் தீவில் வாஃபிள் பலகாரத்தை வைத்துவிட்டுப் போனார்கள் என்றும் படிக்கலாம். நம் ஊரில் தீபாவளி நேரத்தில் "தொழிலாளர்களுக்கு அல்வா" என்று ஒருவன் தலைப்புப் போட்டால் போனஸ் கிடைத்ததா, பட்டை நாமமா என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். விளம்பரக்காரர் சொல்லைத் தடுமாற விடுவது காசு வாங்கிக்கொண்டு.

1993-ல் கிளின்டன் கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டத்தை எதிர்த்து வந்த 'ஹாரி அண்ட் லூயிஸ்' விளம்பரங்களைப் பாருங்கள். பணம் போட்டது காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம். ஒரு நடுத்தர வயதுத் தம்பதி, சமையலறை மேஜை, முன்னால் காகிதங்கள். சத்தமே இல்லை. ஹாரி சொல்கிறார்: "தேர்ந்தெடுப்பது அவர்கள்." லூயிஸ் சொல்கிறார்: "தோற்பது நாம்." யார் அந்த 'அவர்கள்'? பின்னணிக் குரல் அரசு அதிகாரிகளைச் சொல்கிறது, சரி. ஆனால் எந்த டாக்டரிடம் போகலாம், எந்த பில் செல்லும் என்று அதற்கு முன்னால் தீர்மானித்துக்கொண்டிருந்தது யார்? பல குடும்பங்களுக்கு, இந்த விளம்பரத்துக்குப் பணம் போட்டவர்களேதான். அந்த ஒரு 'அவர்கள்' எத்தனை பேரை மறைத்துக்கொள்கிறது பாருங்கள். விளம்பரம் ஓடியது சில ஊர்களில்தான். நாடு முழுக்கக் கொண்டுபோனது செய்திகள். கிளின்டன் தம்பதியே அதைக் கேலி செய்து ஒரு நாடகம் போட்டார்கள், அதுவும் செய்தியானது. 1994 செப்டம்பரில் திட்டம் செத்துப்போனது. விளம்பரம் மட்டும்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திட்டமே படித்து முடிக்க முடியாத அளவுக்குச் சிக்கலானது.

ஒரு கட்சிதான் இப்படி என்று எழுந்துபோய்விடாதீர்கள். 2011-ல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. கோட்டுப் போட்ட ஒரு மனிதர் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். மலை விளிம்பு வந்ததும் பாட்டி திமிறத் திமிற அப்படியே கவிழ்த்துவிடுகிறார். குடியரசுக் கட்சி எம்.பி. பால் ரயனின் மெடிகேர் திட்டத்தைத் தாக்கும் விளம்பரம் அது. மறுபடியும் பாட்டிதான்! 2022-லிருந்து 65 வயதாகிறவர்களுக்கு அரசு நேரடியாக பில் கட்டாமல், தனியார் காப்பீடு வாங்க உதவித்தொகை கொடுக்கலாம் என்பது ரயனின் யோசனை. மெடிகேரையே 'முடிக்க' வாக்களித்தார்கள் என்றது ஜனநாயகக் கட்சி. அந்த வருடத்தின் மிகப் பெரிய பொய் என்ற பட்டத்தை பாலிட்டிஃபாக்ட் இதற்குத்தான் கொடுத்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. வீட்டை இடித்துவிட்டு அதே கதவு எண்ணில் லாட்ஜ் கட்டினால் வீடு இருக்கிறதா, போய்விட்டதா? கேட்டால் இரண்டு பேரும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

அடுத்த வருடமே, அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி தரப்பு விளம்பரம்: ஒபாமா மெடிகேரில் 71,600 கோடி டாலர் வெட்டினார். உண்மையில், பத்து வருடத்தில் ஆஸ்பத்திரிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் போகும் பணம் ஏறுகிற வேகத்துக்குப் போட்ட கடிவாளம் அது. ராம்னியின் துணை வேட்பாளர் ரயனின் பட்ஜெட்டிலும் அதே கடிவாளம் இருந்தது. ஆனால் தலைப்பில் 'வெட்டு' மூன்று எழுத்துக்கு மேல் இடம் எடுக்காது, கூடவே கத்தியும் தெரியும். நானும் வெட்டு என்றுதான் போட்டேன்.

'ஒபாமாகேர்' கதையும் அதுதான். ஒபாமாவின் அந்தக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்கு எதிரிகள் நக்கலாக வைத்த பெயர். சட்டத்தின் முழுப் பெயரைத் தமிழில் போட்டால் தலைப்பே இரண்டு வரி தாண்டும், அதனால் எல்லோரும் நக்கல் பெயரையே எடுத்துக்கொண்டோம். ஒபாமாவே கடைசியில் ஏற்றுக்கொண்டார். 2013 செப்டம்பரில் சிஎன்பிசி சேனலின் கருத்துக் கணிப்பில் பாதிப் பேரிடம் அந்தப் பெயரையும், மீதிப் பேரிடம் சட்டத்தின் பெயரையும் சொல்லிக் கேட்டார்கள். ஒபாமாகேரை எதிர்த்தவர்கள் 46 சதவீதம். அதே சட்டத்தை அதன் சொந்தப் பெயரில் எதிர்த்தவர்கள் 37.

அந்த 1233-க்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கைவிட்ட அதே ஏற்பாட்டை 2016 ஜனவரி 1 முதல் மெடிகேர் ஒரு விதிமுறையாகக் கொண்டுவந்துவிட்டது. இன்று அங்கே ஒரு பாட்டி தன் டாக்டரோடு உட்கார்ந்து இதைப் பேசினால், அரசு அதற்கு ஃபீஸ் கொடுக்கிறது. அந்தச் செய்தியும் ஏஜென்சியில் வந்தது. நான் அன்றைக்கும் டியூட்டியில்தான் இருந்தேன். படித்துப் பார்த்தேன், தலைப்புக்கு ஒரு சொல் தேறவில்லை. பக்கத்தில் வைக்கவில்லை.